விதைப்பதற்கு முன் ஒரு கணக்கு



குப்பம் எங்கே இருக்கிறது? ஆந்திர மாநிலத்தின் ஒரு மூலையில் இருக்கிறது. சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஒரு பக்கம் கர்நாடகம். இன்னொரு பக்கம் தமிழ்நாடு. குப்பம் சந்தையில் தெலுங்கு கேட்கும். தமிழ் கேட்கும். கன்னடமும் கேட்கும். மொழி மூன்று. ஆனால் காலடியில் இருக்கும் மண் பெரும்பாலும் ஒன்றுதான். அது செம்மண்.

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் தேதி குப்பத்தில் ஒரு விழா நடந்தது. ஹந்திரி–நீவா கால்வாய் வழியாகக் கிருஷ்ணா ஆற்றுத் தண்ணீர் வந்து சேர்ந்தது. முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு பரமசமுத்திரத்தில் அந்தத் தண்ணீருக்கு ஆரத்தி எடுத்தார். மக்கள் மகிழ்ந்தார்கள். மகிழ வேண்டிய நாள்தான்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஸ்ரீசைலம் நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. அது தானாக ஓடி வரவில்லை. குப்பம் மேட்டு நிலம். அதனால் வழியில் பல இடங்களில் மோட்டார் வைத்துத் தண்ணீரை மேலே ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு சொட்டுக்கும் மின்சாரம் செலவாகிறது.

"தண்ணீர் வந்துவிட்டது. இனி என்ன கவலை?" என்று சிலர் கேட்கலாம். இந்தக் கேள்வியைத்தான் இன்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

ஆறும் மண்ணும்

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. கோலார் வழியாக வருகிறது. குப்பம் பகுதியில் சுமார் 33 கிலோமீட்டர் ஓடுகிறது. பிறகு தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று போய், வாயலூர் அருகே கடலில் சேர்கிறது. மொத்த நீளம் சுமார் 348 கிலோமீட்டர்.

ஆறு என்ற பெயர் இருக்கிறது. ஆனால் வருடம் முழுவதும் தண்ணீர் ஓடுவதில்லை. நல்ல மழை பெய்த வருடம் ஓடும். மற்ற நாளில் மணல்தான் தெரியும். அதனால் குப்பம் விவசாயிகள் ஏரியை நம்பினார்கள். கிணற்றை நம்பினார்கள். மாடு கட்டிக் கவலை இறைத்தார்கள். பிறகு மோட்டார் வந்தது. அதன் பிறகு போர் வந்தது.

போர் போட்டதும் முதலில் தண்ணீர் பீறிட்டது. கழனி பச்சையானது. பக்கத்து நிலத்துக்காரரும் போர் போட்டார். அவருக்கு அடுத்தவரும் போட்டார். சில வருடத்தில் முதல் போர் வற்றியது. இன்னும் ஆழமாகப் போட்டார்கள். கடன் வாங்கிப் போட்டார்கள். சில போரில் புழுதிதான் வந்தது.

ஏன் இப்படி ஆனது? பூமிக்குள் ஆறு ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். குப்பத்தில் அப்படி இல்லை. மேலே கொஞ்சம் மண். அதற்குக் கீழே உளுத்த பாறை. அதற்கும் கீழே கெட்டிப் பாறை. உளுத்த பாறையிலும், பாறையின் விரிசலிலும்தான் தண்ணீர் தங்கும். அது மழையால் சேர்ந்த தண்ணீர். ஒரே விரிசலில் நாலு பேர் போர் போட்டால் நாலு பேரும் ஒரே பானையில் மொண்டு குடிக்கிறார்கள். பானை எத்தனை நாளைக்கு வரும்?

தண்ணீர் போனால் பயிர் போகும். பயிர் போனால் வேலை போகும். குப்பத்திலிருந்து எத்தனையோ பேர் ரயிலேறி பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். வீட்டில் பெண்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆகவே தண்ணீர்க் கணக்கு என்பது வயிற்றுக் கணக்கு. குடும்பம் ஒன்றாக இருப்பதற்கான கணக்கு.

முதலில் மண்ணைப் பாருங்கள்

செம்மண்ணில் மணல் அதிகம். மழை பெய்தால் சீக்கிரம் உள்ளே இறங்கும். சீக்கிரம் காய்ந்தும் போகும். பத்துப் பதினைந்து நாள் மழை இல்லை என்றால் பயிர் வாடிவிடும். ஆனால் இந்த மண்ணுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது பொலபொலப்பாக இருக்கும். வேர்க்கடலையின் பூ மேலே பூக்கும். அதிலிருந்து ஊசி போன்ற விழுது கீழே இறங்கி மண்ணுக்குள் நுழையும். அங்கேதான் காய் பிடிக்கும். மண் கெட்டியாக இருந்தால் விழுது நுழையாது. அதனால்தான் செம்மண் கொல்லையில் கடலை நன்றாக வருகிறது.

உங்கள் மண்ணில் மணல் எவ்வளவு? வீட்டிலேயே பார்க்கலாம். செலவு இல்லை.

ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு மண் போடுங்கள். மீதிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். மூடி நன்றாகக் குலுக்குங்கள். பிறகு அசைக்காமல் வைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்தில் மணல் அடியில் படியும். சில மணி நேரத்தில் வண்டல் படியும். களிமண் படிய ஒரு நாளுக்கு மேல் ஆகும். மறுநாள் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். மொத்தம் 10 சென்டிமீட்டர் மண் படிந்திருக்கிறது. அதில் 7 சென்டிமீட்டர் மணல் என்றால், அந்த நிலம் தண்ணீரை அதிக நாள் பிடித்து வைக்காது. அதில் நெல் வைத்தால் தண்ணீர் போதாது.

மணல் அதிகமான கொல்லைக்கு என்ன செய்யலாம்? தொழு எரு போடலாம். ஏரி வண்டல் அடிக்கலாம். பெரியவர்கள் கோடையில் ஏரி வண்டலை வண்டியில் ஏற்றிக் கொல்லையில் கொட்டினார்கள். ஏரியும் ஆழமானது. கொல்லையும் வளமானது. ஒன்று மட்டும் கவனம். வண்டலில் உப்பு இருக்கிறதா என்று முதலில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

மண்ணில் என்ன சத்து குறைவு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு மண் பரிசோதனை வேண்டும். 2015ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் தேதி மண் வள அட்டைத் திட்டம் தொடங்கியது. அந்த அட்டையில் 12 விவரங்கள் இருக்கும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, துத்தநாகம், இரும்பு, மண்ணின் உப்பு, புளிப்பு என்று வரிசையாக இருக்கும்.

ஆனால் மண் எடுக்கும் முறை சரியாக இருக்க வேண்டும். தவறாக எடுத்தால் அட்டையும் தவறாகச் சொல்லும். முறை இதுதான்:

1. வரப்பு ஓரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றில் எடுக்கக் கூடாது.
2. உரம் போட்ட உடனே எடுக்கக் கூடாது.
3. ஒரே மாதிரி நிலத்தில் 10 முதல் 15 இடத்தில் எடுக்க வேண்டும்.
4. மேலே கிடக்கும் இலை தழையை ஒதுக்கிவிட்டு, அரை அடி ஆழத்துக்கு 'வி' வடிவில் குழி வெட்ட வேண்டும்.
5. குழியின் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாக மண்ணைச் செதுக்கி எடுக்க வேண்டும்.
6. எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அரைக் கிலோ வரும்வரை இப்படிச் செய்ய வேண்டும்.
7. நிழலில் உலர்த்தி, சுத்தமான பையில் போட்டு, பெயரும் நிலத்தின் எண்ணும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

எழுதத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர் இருந்தால் இந்த வேலை சுலபம். இப்போது நீங்களே எழுதலாம்.

இனித் தண்ணீர்க் கணக்கு

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் மிகவும் கொஞ்சம் என்று தோன்றும். ஆனால் ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. 25 மில்லிமீட்டர் பெய்தால் சுமார் ஒரு லட்சம் லிட்டர்!

பயிருக்கு எவ்வளவு தேவை? மண்ணையும் காலத்தையும் பொறுத்து மாறும். ஆனாலும் சுமாராகச் சொல்லலாம்.

நெல்: 1,200 மில்லிமீட்டர். அதாவது ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர்.
வேர்க்கடலை: 500 மில்லிமீட்டர். ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர்.
கேழ்வரகு: 350 மில்லிமீட்டர். ஏக்கருக்கு 14 லட்சம் லிட்டர்.

ஒரு ஏக்கர் நெல்லுக்குப் பாயும் தண்ணீரில் மூன்று ஏக்கருக்கு மேல் கேழ்வரகு விளைவிக்கலாம்.

உங்கள் போர் எவ்வளவு தண்ணீர் தருகிறது? ஒரு 200 லிட்டர் டிரம் வையுங்கள். மோட்டாரைப் போட்டு, நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 3 நிமிடத்தில் நிரம்பினால் ஒரு மணி நேரத்துக்கு 4,000 லிட்டர். தினமும் 7 மணி நேரம் ஓடினால் 28,000 லிட்டர். நூறு நாளுக்கு 28 லட்சம் லிட்டர்.

இந்தப் போரை மட்டும் நம்பி மழையில்லாத காலத்தில் ஒரு ஏக்கர் நெல் வைத்தால் என்ன ஆகும்? தேவை 48 லட்சம். இருப்பது 28 லட்சம். கதிர் வரும் நேரத்தில் தண்ணீர் தீரும். விதை, உழவு, உரம், கூலி எல்லாம் போகும். கடலை என்றால் ஒரு ஏக்கருக்குப் போதும். கேழ்வரகு என்றால் கணக்கில் இரண்டு ஏக்கர் வரும். ஆனால் வாய்க்காலில் ஓடும்போது கொஞ்சம் ஊறிப் போகும். அதனால் கொஞ்சம் குறைத்தே வைக்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட எவ்வளவு நேரம் ஆகும்? அரை மணி நேரம் போதும். போடாவிட்டால் போவது ஒரு வருட உழைப்பு.

விவசாயிகளே அளந்த கதை

இது வெறும் பேச்சு இல்லை. விவசாயிகள் செய்து காட்டியது.

2003ஆம் ஆண்டு அன்றைய ஆந்திர மாநிலத்தில் ஒரு திட்டம் தொடங்கியது. விவசாயிகளே நிலத்தடி நீரைக் கவனித்துக்கொள்ளும் திட்டம் அது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் துணை நின்றது. அனந்தபூர், சித்தூர், கடப்பா, கர்நூல், பிரகாசம், மகபூப்நகர், நல்கொண்டா ஆகிய ஏழு மாவட்டங்களில், 600க்கும் மேற்பட்ட ஊர்களில் நடந்தது. எல்லாம் வறட்சி மாவட்டங்கள்.

அங்கே யாரும் இலவசமாக மோட்டார் கொடுக்கவில்லை. "நெல் வைக்காதே" என்று தடை போடவும் இல்லை. பிறகு என்ன செய்தார்கள்?

ஊரில் மழைமானி வைத்தார்கள். விவசாயிகளே தினமும் மழையை அளந்து எழுதினார்கள். 15 நாளுக்கு ஒரு முறை கிணற்றிலும் போரிலும் தண்ணீர் எத்தனை ஆழத்தில் நிற்கிறது என்று அளந்தார்கள். ஆண்களும் அளந்தார்கள். பெண்களும் அளந்தார்கள். அந்த எண்களை ஊருக்கு நடுவில் சுவரில் எழுதினார்கள். எல்லோரும் படித்தார்கள்.

மழைக்காலம் முடிந்ததும் ஊர் கூடியது. இந்த வருடம் எவ்வளவு மழை பெய்தது? பூமியில் எவ்வளவு இறங்கியிருக்கும்? அவரவர் எந்தப் பயிரை எத்தனை ஏக்கர் வைக்கப் போகிறார்கள்? அதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? எல்லாவற்றையும் கூட்டினார்கள். வரவும் செலவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

செலவு அதிகம் என்று தெரிந்ததும் சிலர் நெல்லைக் குறைத்தார்கள். சிலர் தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிருக்கு மாறினார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. தன் பயிர் காய்ந்துவிடும் என்று தெரிந்தவர் தானே மாறினார். பல பகுதிகளில் நிலத்தடி நீரை எடுப்பது குறைந்தது.

எல்லா ஊரிலும் வெற்றி கிடைத்ததா? இல்லை. திட்டம் முடிந்து, வெளிப்பணம் நின்ற பிறகு, சில ஊர்களில் அளப்பதும் நின்றது. நோட்டு மூலையில் கிடந்தது. இதிலும் ஒரு பாடம் இருக்கிறது. வெளியிலிருந்து வருபவர் எழுதினால் அவர் போகும் நாளில் கணக்கும் போய்விடும். ஊர்க்காரர் கையில் பென்சில் இருந்தால் கணக்கு ஊரிலேயே இருக்கும்.

சொட்டுநீர் போட்டால் போதுமா?

குப்பத்துக்குச் சொட்டுநீர் புதிதல்ல. 1990களின் பிற்பகுதியிலேயே இஸ்ரேல் நாட்டு முறையில் இங்கே விவசாயம் செய்து காட்டினார்கள். குழாய் வழியாக வேருக்கு மட்டும் தண்ணீர் போகும். வழியில் வீணாவது குறையும். தக்காளிக்கும் காய்கறிக்கும் மிகவும் நல்லது.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஒரு விவசாயி ஒரு ஏக்கர் தக்காளி வைத்தார். சொட்டுநீர் போட்டார். பாதித் தண்ணீர் மிச்சமானது. உடனே இன்னொரு ஏக்கர் வைத்தார். இப்போது போரிலிருந்து எடுக்கும் தண்ணீர் குறைந்ததா? குறையவில்லை. பழைய அளவுதான். வருமானம் கூடலாம். போர் பிழைக்காது. மிச்சம் செய்த தண்ணீரில் ஒரு பங்கைப் பூமிக்கே விட்டால்தான் அது மிச்சம்.

ஒரே பயிரா? பல பயிரா?

கொல்லை முழுவதும் கடலை மட்டும் விதைக்கிறார் ஒருவர். நல்ல மழை பெய்தால் நல்ல லாபம். காய் பிடிக்கும் சமயம் மழை பொய்த்தால் எல்லாம் நஷ்டம்.

இன்னொருவர் ஏழு சால் கடலை விதைக்கிறார். எட்டாவது சாலில் துவரை போடுகிறார். கடலை சுமார் நான்கு மாதப் பயிர். துவரை அதற்குப் பிறகும் நிற்கும். அதன் வேர் ஆழமாகப் போகும். கடலைக்குக் கிடைக்காத பிந்திய மழை துவரைக்குக் கிடைக்கும். கடலை ஏமாற்றினாலும் துவரை கைகொடுக்கும். குப்பத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு. வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இரண்டு மழையையும் பிடிக்கும் வழி இது.

கேழ்வரகுக் கொல்லையில் அவரை, மொச்சை, காராமணி போடுவது பழைய பழக்கம். களிக்கு மாவும் கிடைத்தது. குழம்புக்குக் காயும் கிடைத்தது. மாட்டுக்குத் தீவனமும் கிடைத்தது. இந்தப் பயிர்களின் வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். பிடுங்கிப் பார்த்தால் தெரியும். அதில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன. ஆகவே இது பழைய பழக்கம் மட்டும் அல்ல. அறிவியலும்தான்.

புதிய அறிவும் வேண்டும். திருப்பதி ஆராய்ச்சி நிலையம் நாராயணி, தரணி போன்ற கடலை ரகங்களைத் தந்திருக்கிறது. திருப்பதியை அடுத்த பெருமாள்ளபள்ளி நிலையம் வகுளா என்ற கேழ்வரகு ரகத்தைத் தந்திருக்கிறது. பூக்கும் சமயத்தில் ஏக்கருக்கு சுமார் 200 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைத்தால் கடலைக் காய் நன்றாகத் திரளும். பழையதில் நல்லதை விடாமல், புதியதில் நல்லதைச் சேர்த்துக்கொள்பவர்தான் கெட்டிக்கார விவசாயி.

கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

ஒரு காலத்தில் விவசாய அலுவலர் ஜீப்பில் வருவார். முன்னோடி விவசாயி என்று ஒரு சிலரைப் பார்ப்பார். மேலிருந்து வந்த செய்தியைச் சொல்லிவிட்டுப் போவார். எல்லா மண்ணுக்கும் ஒரே செய்தி. சிறு விவசாயிக்கு அது வந்து சேராது. பெண்களுக்கு வந்து சேரவே சேராது.

விதையைப் பொறுக்கி வைப்பது யார்? களை எடுப்பது யார்? மாட்டைப் பார்ப்பது யார்? பெரும்பாலும் பெண்கள். ஆனால் கூட்டத்துக்கு அழைப்பது யாரை? பட்டாவில் யார் பெயர் இருக்கிறதோ அவரை! இது சரியா? வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். நிலத்தில் நிற்கும் அம்மாவிடம் பேசாமல் யாரிடம் பேசுவது?

இப்போது ஆந்திரத்தில் கிராம அளவிலேயே விவசாய உதவியாளர்கள் இருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டு ரைத்து பரோசா கேந்திரங்கள் தொடங்கின. இப்போது அவற்றின் பெயர் ரைத்து சேவா கேந்திரம். விவசாயிகள் சேவை மையம் என்று பொருள். அங்கே போக யாருக்கும் தயக்கம் வேண்டாம்.

போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். மண் வள அட்டையைக் கொண்டு போங்கள். மழைக் கணக்கு நோட்டைக் கொண்டு போங்கள். "என்ன பயிர் வைக்கலாம்?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "என் மண்ணில் மணல் அதிகம். துத்தநாகம் குறைவு. போரில் மணிக்கு 4,000 லிட்டர் வருகிறது. என்ன பயிர் வைக்கலாம்? எத்தனை ஏக்கர் வைக்கலாம்?" என்று கேளுங்கள். அப்போது அலுவலரும் யோசித்துப் பதில் சொல்வார். கேள்வி கூர்மையானால் பதிலும் கூர்மையாகும்.

கால்வாய் நீர் வந்திருக்கிறது. அது ஏரியை நிரப்பட்டும். கிணற்றில் ஊறட்டும். ஆனால் கால்வாய் ஓரத்தில் இருப்பவர் எல்லாம் நெல் வைத்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. மேலே கிருஷ்ணாவில் வெள்ளம் குறைந்த வருடம் யாருக்குமே போதாது. போர் வந்தபோது நடந்ததே கால்வாயிலும் நடக்க வேண்டுமா?

தண்ணீர் வரும் வருடத்திலேயே கணக்கு எழுதத் தொடங்குங்கள். வறண்ட வருடத்தில் தொடங்கினால் எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது.

எழுத்து எதற்கு? கையெழுத்துப் போட மட்டுமா? பஸ் போர்டு படிக்க மட்டுமா? மழையை எழுத, கிணற்றை எழுத, மண்ணைப் படிக்க, ஊர்ச் சுவரில் உண்மையை எழுதி வைக்க, அதற்கும்தான் எழுத்து. கற்ற எழுத்து கொல்லைக்குப் போகட்டும்.



கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊரில் பத்து வருடத்துக்கு முன் எத்தனை அடியில் தண்ணீர் கிடைத்தது? இப்போது எத்தனை அடியில் கிடைக்கிறது?
2. உங்கள் வீட்டுப் போரில் 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது? ஒரு மணி நேரத்துக்கு எத்தனை லிட்டர் என்று கணக்குப் போடுங்கள்.
3. 40 மில்லிமீட்டர் மழை பெய்தால் இரண்டு ஏக்கர் நிலத்தில் எத்தனை லிட்டர் விழும்?
4. உங்கள் ஊரில் மழைக் கணக்கை யார் எழுதலாம்? எந்தச் சுவரில் எழுதலாம்?